குழாய் என்று சொல்லிக்கொண்டு போன துப்பாக்கி

எனக்கு மெஷின் வேலை ஒன்றும் தெரியாது. இதை இப்போது கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒப்புக்கொண்டிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு ஆயுதம் தேடி ஆள் வந்திருக்க மாட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. யாங்கூனில் தண்ணீர் பம்பு விற்கும் கடையொன்றில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். பம்பைத் தொட்டதில்லை, பம்பின் பெயரை எழுதுவேன், அவ்வளவுதான். அப்பா காலமான பிறகு அக்கா கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனாள். அவளுக்குப் பிள்ளை பிறந்ததும் மூன்று மாதம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவும் போனாள். மூன்று மாதம் முடிவதற்குள் அக்கா அடுத்ததற்கு நாள் தள்ளிப்போனதாகச் சொன்னாள். இரண்டு வருடமாகியும் அம்மா வரவில்லை. "வீட்டைப் பாத்துக்கடா முருகேசா" என்று சொல்லிவிட்டாள். நான் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கம் மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்க விட்டிருப்பார்கள். மேல் நுனியில் ஒரு மணி, கீழ் நுனியில் ஒரு கிளிப். கீழே வருகிறவர் பேப்பரையோ கீரைக்கட்டையோ மாட்டிவிட்டு இழுத்தால் மேலே மணி அடிக்கும். நான்காவது மாடியில் இருக்கும் என் மணியை மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கொண்டுவருகிறவர் இழுப்பார். (ஒருநாள் நானே இறங்கிப் போய் இழுத்துப் பார்த்தேன், வேலை செய்கிறதா என்று. நன்றாகத்தான் அடித்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.)

அந்த வருடம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தன்லியின் என்ற ஊரைத் தாண்டி, ஒரு அம்மன் கோயிலில் திருவிழா. பத்து நாளும் கோயிலைச் சுற்றி ராட்டினமும் பலகாரக் கடைகளுமாக இருக்கும். முதல் நாள் போனவன் ஒரு பலூன் சுடும் கடையில் நின்றேன். கடைக்காரர் பெயர் ஊ தவுங். ஐம்பது வயதிருக்கும், ஒரு காது கேட்காது. இரண்டு காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தார். ஒன்று பழைய சீமைத் துப்பாக்கி. இன்னொன்று உடைந்தது, அதை எப்போது பார்த்தாலும் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார். நான் ஐந்து குண்டு சுட்டேன், ஐந்தும் படவில்லை. அவர் வெற்றிலைக் காவி ஏறிய பற்களைக் காட்டிச் சிரித்து, "நாளைக்கும் வா" என்றார். (அவர் பேசியதெல்லாம் பர்மிய மொழியில். நான் தமிழில் சொல்கிறேன். அவரை நான் ஊலே, அதாவது மாமா, என்று கூப்பிடுவேன்.)

நான் மறுநாளும் போனேன்.

அவர் எல்லாரிடமும் அதையேதான் சொல்கிறார் என்பது மூன்றாவது நாளே என் காதில் விழுந்தது. ஆனால் என்னிடம் சொல்லும்போது குரலில் ஒரு தனி அன்பு இருப்பதாக எனக்குத் தோன்றியது. இரண்டு வருடமாக என்னிடம் யாரும் நாளைக்கு வா என்று சொன்னதில்லை. முதலாளி சொல்வார், ஆனால் அது வேறு. கடை மூடியதும் பஸ் பிடித்து ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போவேன். இரண்டு குண்டு சுடுவேன், மீதி நேரம் அவருடைய கேட்காத காதின் பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பேன். அவரும் தலையாட்டிக்கொண்டிருப்பார். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல நண்பர் கிடைத்ததில்லை என்று அப்போது நினைத்தேன்.

ஆறாவது நாள்தான் நாக்கு என்னைக் கெடுத்தது.

அந்தச் சீமைத் துப்பாக்கிக் குழலின் நுனியில் மரை போட்டு, நடுவில் ஓட்டையுள்ள ஒரு பித்தளை மூடி திருகியிருந்தது. அந்த மூடியின் தலையில்தான் குறி பார்க்கிற குமிழ். உற்றுப் பார்த்தேன், குமிழ் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஆகா, இதனால்தான் குண்டு எல்லாம் கோணலாகப் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். சுற்றி ஏழெட்டு வாடிக்கையாளர்கள் நிற்கும்போது சத்தமாகச் சொன்னேன்.

"ஊலே, இது கோணலா இருக்கு. நான் சரி பண்றேன். நான் பம்பு கம்பெனில இருக்கேன், எனக்கு மெஷின் வேலை தெரியும்."

ஊ தவுங் அவசரமாகக் கையை ஆட்டினார். கண்ணைச் சிமிட்டினார். நான் அதைச் சிநேகத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு நானும் சிமிட்டினேன். மூடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். பாதியில் இறுகியது. அறிவுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் பக்கத்து ராட்டினக்காரரிடம் குறடு வாங்கி ஒரு திருகு திருகினேன். 'கிரிச்' என்று ஒரு சத்தம் கேட்டது. மூடி என் கையோடு வந்தது. குழலின் மரை, பல் தேய்ந்த சீப்பு மாதிரி இளித்தது.

எங்கள் வீட்டில் புத்தி பிசகியவனை மரை கழண்டவன் என்பார்கள். அன்றைக்கு இரண்டு பேருக்குக் கழன்றிருந்தது.

ஊ தவுங் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. குழலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி விடு, அது…" என்று ஏதோ சொல்ல வந்தார். நான் சொல்ல விடவில்லை. திருவிழா முடிய நான்கு நாள்தான் இருக்கிறது, நல்ல துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான், அதையும் நான் கெடுத்தால் நாளைக்கும் வா என்று என்னிடம் யார் சொல்வார்கள்? "ரெண்டே நாள். மரை வெட்டிப் புதுசு மாதிரி கொண்டு வர்றேன்" என்று சத்தியம் செய்து, குழலை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டேன்.

வாங்கிய பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. துப்பாக்கிக் குழலோடு பஸ்ஸில் பாலம் தாண்டவேண்டும். எங்கள் ஊரில் துப்பாக்கி என்ற சொல்லைக்கூட அக்கம்பக்கம் பார்த்துத்தான் சொல்வோம். கோயில் வாசலில் ஒருத்தி முருங்கைக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். குழலும் முருங்கைக்காயும் ஒரே நீளம். ஒரு கட்டு வாங்கி, நடுவில் குழலைச் செருகி, நன்றாகக் கட்டிக்கொண்டேன். என் புத்தியை நானே மெச்சினேன்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண்மணி உட்கார்ந்தார். கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன வெலை குடுத்தீங்க தம்பி?"

சொன்னேன்.

"ஏமாத்திட்டாங்க" என்றார். "எங்க, ஒண்ணு எடுங்க பாப்போம், பிஞ்சா முத்தலான்னு." நான் எடுப்பதற்குள் அவரே கட்டுக்குள் விரலை விட்டார். விரல் நேராகக் குழலில் போய் நின்றது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது முத்தினது" என்றேன்.

"முத்தினதா? கல்லு மாதிரி இருக்கே!"

"ஆமாங்க, வேகாது."

அவர் என் முகத்தை இரக்கத்தோடு பார்த்தார். "வீட்டுல பொம்பளைங்க இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இறங்குகிற வரைக்கும் முருங்கைக்காய் பார்த்து வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். அந்தப் பயணம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்றுதான் எனக்கு இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கருவி தேடிப் புறப்பட்டேன். தேய்ந்த மரையைத் திரும்ப வெட்டிச் சரிசெய்ய 'டை' என்று ஒரு வட்டமான இரும்பு வில்லை வேண்டும் என்பதுவரை என் முதலாளியின் கடை அட்டவணையைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். முதலாளியிடமே கேட்டிருக்கலாம். 'எதுக்கு?' என்பார். அதற்குத்தான் பதில் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். பர்மிய மொழியில் திருகாணிக்கு 'வெட்ஊ' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பன்றிக்குடல் என்று அர்த்தம். ஆக, ஒரு பெரிய கடைக்குள் நுழைந்து, துப்பாக்கி என்ற சொல்லை விழுங்கிவிட்டு, பன்றிக்குடல் வெட்டும் வில்லை கேட்டேன்.

"எதுக்கு மரை வெட்டணும்?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"குழாய்க்கு."

"தண்ணிக் குழாயா, கேஸ் குழாயா?"

"காத்துக் குழாய்."

"காத்து எதுக்குப் போகுது?"

யோசித்தேன். "பலூனுக்கு" என்றேன். அது ஒருவகையில் உண்மைதான்.

அவள் ஒரு ஜப்பான் பெட்டியைத் திறந்து காட்டினாள். வில்லைகள் வெல்வெட்டில் நகை மாதிரி வரிசையாக இருந்தன. விலையும் நகை மாதிரிதான், என் ஒரு மாதச் சம்பளம். ஒரே ஒரு வில்லையை மட்டும் வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். பெட்டியை மூடிவிட்டாள்.

பிளாட்பாரத்தில் பழைய சாமான் விற்கிறவரிடம் சீனா செட் ஒன்று கிடைத்தது. மலிவு. வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தேன். சீமைத் துப்பாக்கிக்கு இஞ்சுக் கணக்கு, சீனா வில்லைக்கு மில்லிமீட்டர் கணக்கு என்பது எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் எண்ணெய் விட்டு, நிறைய நம்பிக்கையோடு திருகினேன். மிச்சமிருந்த மரையிலும் பாதியை அது தின்றுவிட்டது. அன்று குழலைச் சாப்பாட்டு மேஜையில் எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட்டேன். அந்த மேஜையில் எனக்கு எதிரே ஏதோ ஒன்று இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

சனிக்கிழமை, விசாரித்து விசாரித்து, பழைய இஞ்சு அளவு வில்லை வைத்திருக்கும் ஒரு தமிழ் பாயின் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். மூக்குக்கண்ணாடியும் வெள்ளைத் தொப்பியுமாக, மனிதர் பார்க்கவே சாந்தமாக இருந்தார்.

"சாமானைக் கொண்டாந்தீங்களா தம்பி? பாக்காம எப்படி அளவு சொல்றது?"

"கொண்டு வரலை பாய்."

"அப்ப படமாவது போட்டுக் காட்டுங்க."

எனக்குப் படம் நன்றாக வரும். அதுதான் வினையாயிற்று. குழலை வரைந்தேன். தனியாக ஏதோ கம்பி மாதிரி இருந்தது. புரியட்டுமே என்று பின்னால் கட்டையையும் விசையையும் சேர்த்துவிட்டேன். வரைந்து முடித்து நிமிர்ந்தால் கடையில் பேச்சு நின்றிருந்தது. ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசோடு நின்றார். இரண்டு பேர் வாங்கவந்ததை வாங்காமலே வெளியே போனார்கள்.

பாய் காகிதத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். "தம்பி, இது குழாய் இல்லையே."

"பலூன் சுடறது பாய்."

"பலூன்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல பாய். நான் மட்டும்தான்."

"யாரு கூடப் பழக்கம்?"

"யாரு கூடவும் இல்ல."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். தனியாக இருக்கிறான், நண்பர்கள் கிடையாது, துப்பாக்கிக் குழலுக்கு மலிவாக மரை வெட்டப் பார்க்கிறான். நானாக இருந்தால் நானே பயந்திருப்பேன்.

"எந்தத் தெரு?" என்றார் பாய்.

என்னை யாரும் அதுவரை விலாசம் கேட்டதில்லை. தெருப் பெயர், கட்டட எண் எல்லாம் சொல்லி, "நாலாவது மாடி, எடது பக்கம். கயித்தை இழுத்தா மணி அடிக்கும். ஒருநாள் வாங்க பாய், டீ சாப்பிடலாம்" என்றேன். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது.

பால்கனிக்கு ஓடினேன். கீழே எட்டுப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்குப் பொறுப்பாளரான ஊ மாங் ஜீ, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் கட்டடத்தில் குடியிருக்கிற அத்தனை ஆண்களும் நின்றார்கள். ஓரத்தில் கீழ்வீட்டில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்கும் பெண்மணி டா சான், மீன்சாறு சொட்டும் அகப்பையோடு. யார் போய்ச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்கவும் இல்லை.

எல்லாரும் மேலே வந்தார்கள். குழல் மேஜைமேலேயே கிடந்தது. அதைப் பார்த்ததும் ஊ மாங் ஜீ ஓர் அடி பின்னால் வைத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டு படி இறங்கினார்கள்.

"இது என்ன?"

பலூன் கடைக் கதை முழுவதையும் உளறிக் கொட்டினேன். பிடித்துக்கொண்டு போய்விட்டால் என்னைத் தேடி யார் வருவார்கள் என்று ஓடியது புத்தி. அம்மாவுக்குத் தெரியவே ஒரு மாதமாகும். ஆனால் என் கையும் காலும் செய்த காரியம் வேறு. அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது, அதுவும் எட்டுப் பேர்! வீட்டில் இருந்தது மூன்று கோப்பை. மற்றவர்களுக்குச் சாம்பார்க் கிண்ணத்தில் ஊற்றினேன். "உக்காருங்க, உக்காருங்க" என்று உபசரித்தேன். ஊ மாங் ஜீ விசாரணைக்கு வந்தவர், கையில் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஊதி ஊதிக் குடித்தார்.

குடித்து முடித்ததும், "அந்தப் பலூன்காரருக்குப் போன் போடு. எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார்.

ஊ தவுங்கின் எண் கடைப் பலகையிலேயே எழுதியிருந்தது. எனக்கு அது மனப்பாடம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஊலே, நான் முருகேசன்!"

"யாரு?"

"முருகேசன்! மியோ மின்!" என் பர்மியப் பெயரையும் சொன்னேன்.

"அப்படி யாரையும் தெரியாதே."

அப்போதுதான் புரிந்தது, ஆறு நாளில் நான் அவரிடம் என் ஊர், அப்பா, அம்மா, அக்கா, பில் புத்தகம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், பெயரைத் தவிர. அவரும் கேட்கவில்லை.

"தெனமும் வருவேனே ஊலே!"

"தெனமும் நெறையப் பேரு வராங்க."

ஊ மாங் ஜீ என்னைப் பார்த்தார். ஊ தவுங் திடீரென்று, "இரு, இரு. சுடாம சும்மா நின்னு பேசிக்கிட்டே இருப்பானே, அவனா?" என்றார்.

"நான்தான்!" என்று கத்தினேன். யாரும் என்னை அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

"அடப்பாவி! என் குழலைக் கொண்டா முதல்ல. மூணு நாளா கட்டுப் போட்ட துப்பாக்கியை வெச்சுக்கிட்டு அல்லாடுறேன்!"

"மரை இன்னும் வெட்டலை ஊலே. அளவு கெடைக்கலை."

"மரையும் வேண்டாம், மூடியும் வேண்டாம். அந்தக் குமிழைக் கோணலாத் திருகி வெச்சதே நான்தான். எல்லாரும் நேரா சுட்டா பலூன்காரன் பொழைக்கிறது எப்படி? அத்தனை பேருக்கு முன்னாடி அதை எப்படிச் சொல்ல? கண்ணைச் சிமிட்டினேனே, நீயும் சிமிட்டினியே! மூடி இல்லாட்டி இன்னும் கோணலாப் போகும். நல்லதுதான், கொண்டா!"

முதலில் சிரித்தது டா சான். அகப்பையைச் சுவரில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு படியில் நின்றவர்கள், கடைசியில் ஊ மாங் ஜீ. நான்கு மாடியும் சிரித்தது. நானும் சேர்ந்துகொண்டேன், வேறு என்ன செய்ய?

அன்று பிற்பகல் ஊ மாங் ஜீயே துணைக்கு வந்தார், வழியில் யாராவது கேட்டால் பதில் சொல்ல. கோயிலைப் பார்க்கவேண்டும் என்று டா சானும் வந்தார். ஊ தவுங் குழலை வாங்கி மாட்டினார். ஊ மாங் ஜீ பத்துக் குண்டு சுட்டார், ஒன்றும் படவில்லை. ஊ தவுங் பல்லைக் காட்டி அவரிடம், "நாளைக்கும் வா" என்றார். என்னைப் பார்த்து, "நீ எதையும் தொடாதே" என்றார்.

திரும்பி வரும்போது மூவரும் பஸ்ஸில் வேர்க்கடலை தின்றுகொண்டே வந்தோம். கட்டடம் வந்ததும் டா சான் கீழ்வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஊ மாங் ஜீ எதிர்க் கட்டடத்துக்குப் போனார். நான் நாலு மாடி ஏறினேன். மேஜைமேல் கழுவாத கிண்ணங்கள் இருந்தன. அவற்றை இரண்டு நாள் கழுவவில்லை.

அக்காவின் எண் டா சானிடம் இருந்தது, அவசரத்துக்கு என்று அம்மா கொடுத்துவிட்டுப் போனது. மறுநாளே அவர் போன் போட்டுக் கதையை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிட்டார். அம்மா அழுதாள். அக்கா திட்டினாள். மாதம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தவர்கள், இவனை நம்பமுடியாது என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் கேள்வி, "வீட்டுல குழாய் ஏதும் இருக்காடா?"

பதினோரு வருடமாக அது நிற்கவில்லை. அம்மா இப்போது இல்லை. அக்காவின் பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் என்னை நேரில் பார்த்தது ஒரே ஒருமுறை, அம்மாவின் காரியத்துக்குப் போனபோது. அவர்களுக்கு நான் குழாய் மாமா. போனில் முகம் தெரிந்ததும், "மாமா, குழாய் கதை சொல்லுங்க" என்பார்கள். என்னைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நானும் சொல்வேன். வீட்டுக்கு வந்த எட்டுப் பேர் முதலில் இருபதானார்கள். பிறகு ஐம்பது. போன வருடம் மொட்டை மாடியில் ஒரு ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. அவர்களுக்கு எல்லாம் பொய் என்று தெரியும், இருந்தாலும் கேட்பார்கள்.

கதை முடிந்ததும், "சரி மாமா, வெச்சிடறோம்" என்பார்கள். அதனால் இப்போதெல்லாம் ஹெலிகாப்டர் ரொம்ப மெதுவாகத்தான் இறங்குகிறது.